பேரனோடு வைரம் தோண்டப் போகிறீர்களா?

மகன் டாலஸில் வேலை பார்க்கிறான். ஆறு மாசம் இருந்துட்டுப் போங்கம்மா என்று டிக்கெட் அனுப்பி உங்களை வரவழைத்துவிட்டான். முதல் பத்து நாள் எல்லாமே புதுசு. அப்புறம்? காலையில் மகனும் மருமகளும் ஆபீஸ் கிளம்பிவிடுவார்கள். பக்கத்து வீட்டில் யார் என்றே தெரியாது. ஏ.சி. ஓடிக்கொண்டே இருக்கும் வீட்டில் நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் டி.வி.யும்தான். 'எப்போடா ஊருக்குப் போவோம்' என்று தோன்ற ஆரம்பித்துவிடும்.

அப்போதுதான் ஒரு நாள் பேரன் ஓடி வருவான். "பாட்டி, லீவுக்கு வைரம் தோண்டப் போறோம்!"

விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று நினைக்காதீர்கள். நிஜமாகவே அப்படி ஓர் இடம் இருக்கிறது. காசு கொடுத்து டிக்கெட் வாங்கிக்கொண்டு யார் வேண்டுமானாலும் உள்ளே போய் மண்ணைக் கிளறலாம். கிடைத்த கல் கிடைத்தவருக்கே சொந்தம்! அருமையான குடும்பப் பயணம்தான். ஆனால் கிளம்புவதற்கு முன்னால் சில விஷயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். அங்கே வைரத்தைத் தவறவிட்டால் நஷ்டம் ஒன்றும் இல்லை. உடம்பைத் தவறவிட்டால்தான் ஆபத்து.

அது என்ன இடம்?

அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் மர்ஃப்ரீஸ்பரோ என்று ஒரு சின்ன ஊர். டாலஸிலிருந்து காரில் போனால் சுமார் நாலு மணி நேரம். அங்கே இருக்கிறது 'க்ரேட்டர் ஆஃப் டைமண்ட்ஸ்' என்கிற அரசாங்கப் பூங்கா. பூங்கா என்றதும் பூச்செடியும் ஊஞ்சலும் ஞாபகத்துக்கு வருகிறதா? ஊஹூம். வைரம் தேடும் இடம் 37 ஏக்கர் பரப்புள்ள உழுத நிலம். நம் ஊர்க் கரிசல் காட்டில் மழைக்கு முன்னால் உழுது போட்டிருப்பார்களே, பார்க்க அதே மாதிரிதான் இருக்கும். மேல்மண் புரண்டு வரவேண்டும் என்பதற்காகப் பூங்கா ஊழியர்களே அவ்வப்போது உழுதும் விடுகிறார்கள்.

இது பழைய எரிமலை ஒன்றின் வாய். சுமார் 10 கோடி வருடங்களுக்கு முன்னால் பூமியின் அடியாழத்திலிருந்து பொங்கி வந்த 'லாம்ப்ராய்ட்' என்ற பாறைக்குழம்பு, அங்கே இருந்த வைரங்களையும் வாரிக்கொண்டு மேலே வந்துவிட்டது. பாறை தேய்ந்து மண்ணாகிவிட்டது. தேயாத வைரம் மட்டும் மண்ணோடு மண்ணாகக் கிடக்கிறது.

1906-ல் ஜான் ஹடில்ஸ்டன் என்ற விவசாயி தன் நிலத்தில் இரண்டு பளபளப்பான கற்களைக் கண்டெடுத்தார். அங்கிருந்து ஆரம்பித்தது கதை. பல கம்பெனிகள் சுரங்கம் வைத்துப் பார்த்தன; கட்டுப்படியாகவில்லை. 1972-ல் அரசாங்கமே நிலத்தை வாங்கிப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. 1906 முதல் இதுவரை 75,000-க்கும் மேற்பட்ட வைரங்கள் இந்த நிலத்தில் கிடைத்திருக்கின்றன. அமெரிக்காவிலேயே மிகப் பெரிய வைரமான 'அங்கிள் சாம்' (40.23 காரட்) 1924-ல் இங்கேதான் கிடைத்தது. 1975-ல் டெக்சாஸிலிருந்து வந்த ஒருவர் 16.37 காரட் கல்லோடு வீடு திரும்பினார். 2024-ல் பாரிஸிலிருந்து சுற்றிப் பார்க்க வந்தவருக்கு 7.46 காரட்!

நாக்கில் எச்சில் ஊறுகிறதா? கொஞ்சம் பொறுங்கள். இத்தனை பேர் தேடியும் ஒரு நாளைக்குச் சராசரியாகக் கிடைப்பது ஒன்று அல்லது இரண்டு வைரம்தான். அதுவும் பெரும்பாலும் தீக்குச்சித் தலை அளவு. ஆகவே, 'கிடைத்தால் அதிர்ஷ்டம், கிடைக்காவிட்டால் பிக்னிக்' என்ற எண்ணத்தோடு போங்கள். இந்த எண்ணம் மனசுக்கு மட்டும் நல்லதல்ல, உடம்புக்கும் நல்லது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

பாட்டிகளுக்குத் தெரிந்த வித்தை

தேடுவதற்கு மூன்று வழி. முதல் வழி, சும்மா நடந்துகொண்டே தரையைப் பார்ப்பது. நல்ல மழை பெய்து ஓய்ந்த பிறகு வெயில் அடிக்கும்போது இதுதான் சிறந்த வழி. வைரத்தின் மேல் மண் ஒட்டாது. மழையில் கழுவப்பட்ட கல் வெயிலில் மினுக்கென்று கண்ணில் படும். இரண்டாவது, உலர்ந்த மண்ணைச் சல்லடையில் சலிப்பது. மூன்றாவது, தண்ணீரில் அரிப்பது.

இந்த மூன்றாவது வழியைப் பேரனுக்கு நீங்கள்தான் சொல்லித்தர வேண்டும்! அந்தக் காலத்தில் அரிக்கன்சட்டியில் அரிசி களைந்து கல் நீக்கியிருக்கிறீர்கள் அல்லவா? தண்ணீரில் ஆட்ட ஆட்ட, லேசான அரிசி மேலே வரும், கனமான கல் அடியில் தங்கும். இங்கேயும் அதேதான். வைரம் சாதாரணக் கூழாங்கல்லைவிடக் கனம். அதே அளவுள்ள தண்ணீரைப்போல வைரம் மூன்றரை மடங்கு எடை. வெள்ளைக் கூழாங்கல்லான குவார்ட்ஸ் இரண்டரை மடங்கை ஒட்டித்தான். தொட்டித் தண்ணீரில் சல்லடையை அமிழ்த்தி, சுற்றிச் சுற்றி ஆட்டினால் கனமான கற்கள் அடியில் நடுவாக வந்து சேரும். சல்லடையை மேஜைமேல் 'டப்' என்று கவிழ்த்தால் அடியில் இருந்தது மேலே வந்துவிடும். அந்த நடுப்பகுதியில்தான் தேட வேண்டும்.

அரிசியில் தூக்கி எறிந்த கல்லை இங்கே தேடி எடுக்க வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம்!

இன்னொரு சூட்சுமம். மோதிரத்தில் பார்க்கிற மாதிரி பட்டை தீட்டிய கல்லைத் தேடாதீர்கள். கற்கண்டு மாதிரி கூர்முனையோடு இருந்தால் அது பெரும்பாலும் குவார்ட்ஸ். பட்டை தீட்டாத வைரம் வழவழவென்று முனை மழுங்கி, எண்ணெய் தடவிய கண்ணாடித் துணுக்கு போல இருக்கும். வெள்ளை, பழுப்பு, மஞ்சள் என்று மூன்று நிறங்களில் கிடைக்கிறது. சந்தேகமாக இருக்கிற எல்லாவற்றையும் பேரன் ஒரு டப்பாவில் போட்டு வைக்கட்டும். பூங்கா ஊழியர்கள் இலவசமாகவே பார்த்துச் சொல்லிவிடுவார்கள். வைரம் இல்லாவிட்டாலும் செவ்வந்திக்கல், சூரியகாந்தக்கல் போன்ற நிறக்கற்களும் அந்த மண்ணில் உண்டு.

"வெயில் நமக்கு என்ன புதுசா?"

இந்தக் கேள்வியைத் தாத்தாக்கள் கேட்காமல் இருக்கமாட்டார்கள். 'வேலூர் கத்திரி வெயிலைப் பார்த்தவன்யா நான். இந்த ஊர் வெயில் என்னை என்ன செய்யும்?' என்று தொப்பிகூட வேண்டாம் என்பார்கள்.

இங்கேதான் ஆபத்து. வெயிலைத் தாங்கும் சக்தி பிறவியிலேயே வருகிற ஒன்றல்ல. உடம்பு தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வெயிலில் இருந்து பழகி வளர்த்துக்கொள்வது. சீக்கிரம் வியர்க்கவும், வியர்வையில் உப்பை அதிகம் விடாமலும் உடம்பு பழகிக்கொள்ள ஒன்று முதல் இரண்டு வாரம் பிடிக்கும். வெயிலே படாமல் ஒரு வாரம் இருந்தால் அந்தப் பழக்கம் குறைய ஆரம்பிக்கும். ஒரு மாதத்தில் பெரும்பாலும் போய்விடும். டாலஸ் வீட்டில் இரண்டு மாதமாக ஏ.சி.யில் உட்கார்ந்திருக்கும் தாத்தாவின் உடம்பு வேலூரை எப்போதோ மறந்துவிட்டது. மனசுக்கு மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது!

ஜூலை, ஆகஸ்டில் அந்தப் பகுதியில் 33, 35 டிகிரி செல்சியஸ் வெயில் சர்வசாதாரணம். கூடவே புழுக்கம். வியர்வை காயாது. காயாத வியர்வை உடம்பைக் குளிர வைக்காது. உழுத நிலத்தில் நிழலும் குறைவு.

வயதானவர்களுக்கு இன்னும் சில சங்கடங்கள் உண்டு. வயசாக ஆக தாகம் எடுப்பதே குறைந்துவிடும். உடம்பில் தண்ணீர் வற்றியிருந்தாலும் நாக்கு கேட்காது. பி.பி.க்காகச் சாப்பிடும் மாத்திரைகளில் சில சிறுநீரை அதிகமாகப் போகவைப்பவை. சில, இதயத்துடிப்பை மட்டுப்படுத்துபவை. இரண்டுமே வெயிலைச் சமாளிக்கும் சக்தியைக் குறைக்கும். அதற்காக நீங்களாகவே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். ஊரிலிருந்து கிளம்பும்போதே உங்கள் டாக்டரிடம், "வெயிலில் ஒரு நாள் முழுக்க வெளியே இருக்க வேண்டி வந்தால் என்ன செய்யட்டும்?" என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நம் வீட்டுப் பெண்களிடம் ஒரு பழக்கம் உண்டு. வெளியே கிளம்பினால் தண்ணீரே குடிக்கமாட்டார்கள். 'பாத்ரூம் எங்கே இருக்கோ, எப்படி இருக்கோ' என்ற பயம்! பஸ் பிரயாணத்தில் ஏற்பட்ட பழக்கம் அது. இந்தப் பூங்காவில் கழிப்பறை வசதி உண்டு. போனதுமே அது எங்கே என்று பார்த்து வைத்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. அப்புறம் கூச்சப்படாமல் குடியுங்கள்.

எவ்வளவு குடிப்பது?

வெயிலில் வேலை செய்யும்போது 15, 20 நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு டம்ளர். தாகம் எடுக்கிறதா என்று பார்க்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். பேரனிடமே இந்தப் பொறுப்பை ஒப்படையுங்கள். 'தாத்தா, தண்ணி டைம்' என்று அவன் அதிகாரம் பண்ணுவதில் அவனுக்கும் சந்தோஷம். அதற்காக ஒரேயடியாக லிட்டர் லிட்டராகக் குடிப்பதும் தப்பு. ஒரு மணி நேரத்தில் ஒன்றரை லிட்டருக்கு மேல் போகக்கூடாது. இதய பலவீனம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு டாக்டர் அளவு சொல்லியிருப்பார். அவர்களுக்கு அந்த அளவுதான் கணக்கு. அளவு குறைவாக இருந்தால் வெயிலில் இருக்கும் நேரத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

நேரத்துக்குச் சாப்பிட்டால் உப்பு மாத்திரை எல்லாம் தேவையில்லை. நீர்மோர் நல்லது. ஆனால் தயிர் சாதத்தையும் மோரையும் கார் டிக்கியில் அப்படியே வைத்துவிடாதீர்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் பத்தே நிமிடத்தில் சூடு 10 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஏறிவிடும். சாப்பாட்டை ஐஸ் பெட்டியில் வையுங்கள். குழந்தையையோ வயதானவர்களையோ 'அஞ்சு நிமிஷம்தானே' என்று காருக்குள் விட்டுவிட்டுப் போகவே போகாதீர்கள்.

சர்க்கரைக்காரர்கள் கவனத்துக்கு

மண் வெட்டுவது, சுமப்பது, சலிப்பது எல்லாமே கடுமையான உடற்பயிற்சி. இன்சுலின் போடுபவர்கள், சர்க்கரையைக் குறைக்கும் சிலவகை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இரத்தச் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடலாம். கை நடுக்கம், படபடப்பு, குப்பென்று வியர்வை... இதை வெயில் என்று நினைத்து ஏமாறக்கூடும். பையில் குளுக்கோஸ் இருக்கட்டும். சாப்பாட்டு வேளையைத் தள்ளிப்போடாதீர்கள். இன்சுலினை ஐஸ் பெட்டியில் வைக்கலாம். ஆனால் ஐஸ்கட்டியோடு நேராக ஒட்டி உறைந்துபோகக் கூடாது.

மழை பெய்த நிலமாக இருந்தால், 'சேறு தானே' என்று செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கிவிடாதீர்கள். உணர்ச்சி குறைந்த பாதத்தில் கூர்மையான கல் கிழித்தால் தெரியவே தெரியாது. மூடிய ஷூவும் பருத்தி சாக்ஸும் அவசியம். இரவு படுக்கும்முன் பாதத்தை விளக்கு வெளிச்சத்தில் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

முதுகும் மூச்சும்

அங்கே எல்லோரும் பயன்படுத்துவது ஐந்து காலன் வாளி. நம் கணக்கில் 19 லிட்டர். ஈர மண்ணை நிரப்பினால் 30 கிலோவைத் தாண்டிவிடும். பாதி வாளிக்குமேல் நிரப்பாதீர்கள். இடுப்பை வளைத்துத் தூக்காமல், முழங்காலை மடக்கி உட்கார்ந்து, வாளியை உடம்போடு சேர்த்துத் தூக்குங்கள். மூட்டு வலி உள்ளவர்கள் மடக்கு ஸ்டூல் ஒன்று எடுத்துப்போகலாம். மகன் மண் சுமக்கட்டும். நீங்கள் உட்கார்ந்து பொறுக்குங்கள்.

ஆஸ்துமா உள்ளவர்கள் உலர்மண் சலிக்கும் இடத்துக்குப் போகவேண்டாம். தண்ணீரில் அரிப்பதில் தூசி எழாது. இன்ஹேலர் காரில் அல்ல, சட்டைப் பையில் இருக்கட்டும். சின்னக் குழந்தைகள் கல்லை வாயில் போட்டுக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சாப்பிடும்முன் எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

உடை விஷயத்தில் புடவை வேண்டாம்; உழுத நிலத்தில் தடுக்கும். தளர்வான பருத்தி சல்வார் கமீஸ், அகல விளிம்புத் தொப்பி. கறுப்புத் தோலுக்கு வெயில் சுடாது என்பதும் தப்புக் கணக்கு. சன்ஸ்க்ரீன் தடவிக்கொள்ளுங்கள்.

புல்லும் மரமும் உள்ள பகுதிகளில் உண்ணிகள் உண்டு. சிலவகை உண்ணி கடித்தால் காய்ச்சல் வரும். திரும்பிய இரண்டு மணி நேரத்துக்குள் குளித்துவிட்டு, அக்குள், இடுப்பு, காதின் பின்புறம், குழந்தைகளின் தலைமுடி எல்லாம் பாருங்கள். ஒட்டியிருந்தால் சின்ன இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுங்கள். மண்ணெண்ணெய், நெருப்பு வைத்தியம் வேண்டாம். அடுத்த சில வாரங்களில் காய்ச்சலோ தோலில் தடிப்போ வந்தால் டாக்டரிடம் உண்ணி கடித்ததைச் சொல்லுங்கள்.

ஆபத்து அறிகுறிகள்

தலைசுற்றல், தலைவலி, குமட்டல், தசைப்பிடிப்பு, தோல் சில்லிட்டு அதிகமாக வியர்ப்பது... இவை வெயில் அயர்ச்சி. உடனே நிழலுக்கு, முடிந்தால் ஏ.சி. அறைக்குக் கூட்டிப்போய், உடையைத் தளர்த்தி, ஈரத்துணியால் துடைத்து விசிறுங்கள். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுங்கள். வாந்தி எடுத்தாலோ, ஒரு மணி நேரத்தில் சரியாகாவிட்டாலோ டாக்டரிடம் போங்கள்.

பேச்சு குழறுவது, சம்பந்தமில்லாமல் பேசுவது, மயக்கம், வலிப்பு... இது வெப்பத் தாக்கு. உடம்புச் சூடு 104 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டிருக்கும். ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் 911-க்குப் போன் செய்யுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை உடம்பெல்லாம் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

மகனுக்கும் மருமகளுக்கும்

அப்பா, அம்மாவைக் கூட்டிப் போகிறீர்களா? கூடுமானவரை மார்ச், ஏப்ரல் அல்லது அக்டோபர், நவம்பரில் போங்கள். கோடை லீவில்தான் முடியும் என்றால், முந்தின நாளே போய் ராத்திரி தங்கிவிட்டுக் காலையிலேயே ஆரம்பியுங்கள். 11 மணிக்கு நிழலுக்கு வந்துவிட வேண்டும். டிக்கெட்டை முன்கூட்டியே வாங்கிவிடுவது நல்லது. இடி, மின்னல் வந்தால் வெட்டவெளியில் ஒரு நிமிடம்கூட நிற்காதீர்கள். பெற்றோருக்கு எடுத்த இன்ஷூரன்ஸ் பாலிசியை ஒரு முறை படியுங்கள். பல பாலிசிகளில் ஏற்கெனவே உள்ள பி.பி., சர்க்கரை, இதயக் கோளாறுக்குப் பணம் தரமாட்டார்கள்.

முக்கியமான ஒன்று. 'வேண்டாம்ப்பா, எனக்கு ஒண்ணும் இல்லை' என்று அப்பா சொன்னால் நம்பிவிடாதீர்கள். பேரன் முன்னால் களைப்பைக் காட்டிக்கொள்ள எந்தத் தாத்தாவுக்கும் மனசு வராது.

இன்னும் ஒரே ஒரு வாளி!

முதலில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். இந்த இடத்தில் பெரியவர்களைச் சாய்ப்பது வெயில் மட்டும் இல்லை, ஆசையும்தான். 'இந்த வாளியோடு போயிடலாம்' என்று நினைக்கும்போது பக்கத்து மேஜையில் யாரோ 'ஹோ' என்று கத்துவார்கள். உடனே, 'இன்னும் ஒரே ஒரு வாளி' என்று தோன்றும். அந்த ஒரு வாளி மூன்றாகும், நாலாகும். உச்சிவெயில் வந்துவிடும். வைரம் கிடைத்தே ஆகவேண்டும் என்று போகிறவர்கள் எழுந்து வரமாட்டார்கள். அதனால்தான் பிக்னிக் என்று நினைத்துப் போகச் சொன்னேன்.

ஆசையை அடக்க முடியவில்லையா? அதற்கும் ஒரு வழி இருக்கிறது. சலித்து எடுத்த கற்களை ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து காலன் வாளி ஒன்று வீட்டுக்கே எடுத்துப்போக அங்கே அனுமதி உண்டு! காலை வேளையில் சலித்ததைக் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். டாலஸ் வீட்டில், ஏ.சி. அறையில், சாப்பாட்டு மேஜைமேல் பெரிய தாம்பாளத்தை வைத்துக்கொள்ளுங்கள். தினம் ஒரு கைப்பிடி கல்லைப் பரப்பி, பேரனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, உளுந்தில் கல் பொறுக்குகிற மாதிரி நிதானமாகப் பொறுக்குங்கள். அரிக்கன்சட்டி கதையையும் சொல்லுங்கள்.

அந்த வாளி தீர ஒரு மாதமாவது ஆகும். அதுவரை 'எப்போடா ஊருக்குப் போவோம்' என்ற நினைப்பே வராது!